நாய் ஓயாமல் சொறிகிறதா? எந்த இடத்தை என்று முதலில் பாருங்கள்

"சொறிஞ்சுக்கிட்டே இருக்கு டாக்டர், ஒரு ஊசி போட்டுடுங்க." கால்நடை மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. ஊசி போட்டால் நாலு நாளில் அடங்கும். இரண்டு வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும், முன்பைவிட மோசமாக. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்குமே தவிர, அரிப்பைக் கொடுத்ததை ஒன்றும் செய்யாது. சிரங்குப்பூச்சி மாதிரி சில காரணங்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் உடம்பு முழுக்கப் பரவவும் செய்யும்.

நாய் எந்த இடத்தைச் சொறிகிறது, எதைக் கடிக்கிறது, எதை நக்குகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. கீழே அப்படித்தான் பிரித்திருக்கிறோம். உங்கள் நாயின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

## எந்த இடமானாலும் முதலில் இந்தப் பத்து நிமிடம்

நல்ல வெளிச்சத்தில் பழைய வெள்ளைத் துணியை விரித்து நாயை அதன்மேல் நிறுத்துங்கள். பேன் சீப்பால் வால் அடியிலிருந்து கழுத்து வரை முடியின் எதிர்ப்பக்கமாகச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் எடுத்து நசுக்குங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் ரத்தம்தான் அப்படி வெளிவந்திருக்கிறது. கசியாவிட்டால் வெறும் மண்.

அடுத்து உண்ணி. முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். உண்ணி முதுகில் உட்காருவது குறைவு. காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலுக்குக் கீழே, உதட்டு ஓரம் என்று ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். எள்ளைவிடச் சிறிய குஞ்சு உண்ணிகள் விரல் இடுக்கில் கூட்டமாக இருக்கும். அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கடைசியாக மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு "உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் படுத்துவிட்டது" என்ற தலைப்புக்கு நேரே போங்கள்.

## வால் அடி, இடுப்பு, பின் தொடையைக் கடிக்கிறது

தெள்ளுப்பூச்சி. இந்த இடத்தில் அரிப்பு என்றால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை தெள்ளுப்பூச்சி என்றே எடுத்துக்கொள்ளலாம். சில நாய்களுக்கு அதன் எச்சில் ஒவ்வாது. இரண்டு மூன்று பூச்சி கடித்தாலே போதும், இடுப்பு முடி முழுவதும் போய்விடும். ஆகவே "பூச்சி கண்ணில் படவில்லை" என்பதை வைத்து இதைத் தள்ளிவிடக் கூடாது.

மருந்தை நாய்க்கு மட்டும் போட்டு ஒரு மாதத்தில் நிறுத்தினால் திரும்ப வரும். முட்டை நாயின் மேல் ஒட்டியிருக்காது. படுக்கை, சோபா இடுக்கு, மிதியடி என்று உதிரும். கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை எந்த மருந்தும் எளிதில் எட்டாது, வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து, வாரம் ஒருமுறை படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைப்பது, வீட்டில் இருக்கும் மற்ற நாய் பூனைகளுக்கும் அதே நாளில் மருந்து. பூனைக்கு மட்டும் பூனைக்கென்றே உள்ள மருந்துதான். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

நாடாப்புழு. மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் இதுதான். தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால் வருவது. வழக்கமாக வாங்கும் குடற்புழு சிரப் எல்லாமே நாடாப்புழுவைக் கொல்லாது. லேபிளில் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குதச்சுரப்பி அடைப்பு. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறது, மீன் நாற்றம் அடிக்கிறது என்றால் இது. காணொளி பார்த்து நீங்களே பிதுக்க வேண்டாம். டாக்டருக்கு இரண்டு நிமிட வேலை. ஆசனவாயின் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருந்தால் சீழ் கட்டிவிட்டது, அன்றே காட்டுங்கள்.

## உண்ணி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது

நம் ஊரில் நாய் வளர்ப்பவரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பழுப்பு நாய் உண்ணி மற்ற உண்ணிகளைப் போலப் புல்வெளியோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிடமிருந்து விழுந்து, சுவரேறி, விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் சின்னப் பங்கு. இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் செத்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நாயின் மேல் இருப்பதை எடுக்கும் முறை:

1. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நுனி கூர்மையான இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடியுங்கள். வயிற்றைப் பிடித்தால் பிதுங்கும்.
2. திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மெதுவாக இழுங்கள்.
3. சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள். நகத்தால் நசுக்குவதும் செருப்பால் தேய்ப்பதும் கிருமியைக் கைக்கும் தரைக்கும் கொண்டுவரும். தண்ணீரில் போட்டால் சாகாது.
4. கடித்த இடத்தில் பெட்டாடின். சின்ன முடிச்சு சில நாள் இருக்கும். வாய்ப்பகுதி கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டாலும் தோண்ட வேண்டாம்.

மண்ணெண்ணெய், தீக்குச்சி, பழைய எஞ்சின் ஆயில் எல்லாம் இன்றும் நடக்கிறது. எஞ்சின் ஆயிலை நாய் நக்கும், தோல் வெந்துபோகும், ஈரல் வரை பாதிக்கும். உண்ணி மட்டும் அதன் பாட்டுக்கு இருக்கும்.

மருந்து வகை. பிப்ரோனில் சொட்டு மருந்து விலை குறைவு, மாதம் ஒருமுறை. "போட்டோம், வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் முந்தின நாளோ மறுநாளோ குளிப்பாட்டியிருப்பார்கள். முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியல் கூடாது. மருந்து முடிமேல் இல்லாமல், தோள்பட்டைகளுக்கு நடுவே முடியைப் பிரித்துத் தோலில் விழ வேண்டும். அடுத்தது மெல்லும் மாத்திரை: அபாக்சோலானர், சரோலானர் மாதம் ஒன்று, புளூராலானர் 12 வாரத்துக்கு ஒன்று, உணவோடு. வீட்டிலேயே உண்ணி குடியேறிவிட்ட நிலைக்கு மாத்திரைதான் சரிப்படும் என்பது எங்கள் கருத்து. சொட்டு மருந்துக்குச் செலவழித்துவிட்டு மாத்திரைக்கு வருவதைவிட நேரே வந்துவிடலாம். வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரைகளைத் தொடாதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு எந்த உண்ணி மருந்தையும் டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

அளவு எடையைப் பொறுத்தது, குத்துமதிப்பு உதவாது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய்க்குப் பெரிய மாத்திரை ஒன்றை வாங்கி உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் மேல் உண்ணி தெரியும். கடித்தால்தான் அது சாகும். ஒன்றிரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வீடு. டார்ச் அடித்து நாய் படுக்கும் இடத்துக்கு மேலே பாருங்கள், கீழே அல்ல. கதவுச் சட்டத்தின் பின்பக்கம், ஜன்னல் மூலை, சுவிட்ச் பெட்டி ஓரம், நாய்க் கூண்டின் கூரை, மாடிப்படி அடி. உண்ணிக்கு ஏறித்தான் பழக்கம். விரிசல்களை வெள்ளை சிமென்ட்டால் அடையுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால் சுவர் முழுக்க, இடுப்பு உயரத்துக்கு மேலும் அடிக்கச் சொல்லுங்கள். தரையில் மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும், முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். காயும் வரை நாய் வெளியே. பூனையும் மீன் தொட்டியும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்டுக்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்கு ஊற்றுவதால் வருகிற விஷச் சம்பவங்கள் நிறைய. எச்சில் வடிதல், நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தால் உடம்பைக் கழுவி, மருந்து பாட்டிலோடு உடனே கிளம்புங்கள்.

## உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் படுத்துவிட்டது

இங்கே வீட்டுச் சோதனை ஒன்றே ஒன்றுதான்: காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம். நாயின் இயல்பு வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். மனிதக் கணக்கில் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். 103-க்கு மேல் என்றால் அன்றே டாக்டர். காய்ச்சல் இல்லை என்றாலும் வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், காபி நிறத்தில் சிறுநீர் இவற்றில் ஒன்று இருந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சல் ஒரே நோய் இல்லை. எர்லிகியா, பபேசியா, அனபிளாஸ்மா, ஹெபடோசூன் என்று பல கிருமிகள். செலவு வரிசையில் பரிசோதனைகள்: ரத்தத் துளி ஸ்லைடு, தட்டணு எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை, கிட் சோதனை, பி.சி.ஆர். ஸ்லைடில் தெரியாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நாய்க்குத் தட்டணு ஏறக்குறைய 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கும். அது சரிந்திருந்தால் டாக்டர்கள் பொதுவாக அடுத்த சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின், வழக்கமாக 28 நாள். மூன்றாவது நாளே நாய் எழுந்து வாலாட்டும். அத்தோடு நிறுத்திவிடுகிற வீடுகளில்தான் சில மாதம் கழித்து அதே நோய், இன்னும் கெட்ட வடிவத்தில். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். காப்ஸ்யூல் தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும். கொடுத்தவுடன் கொஞ்சம் சோறோ தண்ணீரோ உள்ளே போக வேண்டும். மூன்று நாள் மருந்து போயும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் பபேசியா கூட இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது.

பாரசிட்டமால், இபுபுரூபன் வீட்டில் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். தட்டணு குறைந்த நாய்க்கு இபுபுரூபன் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும்.

## தலையை உதறுகிறது, காதைத் தரையில் தேய்க்கிறது

காது மடலைத் தூக்கி முதலில் முகர்ந்து பாருங்கள்.

- உண்ணி உள்ளே. டார்ச் அடித்துத் தெரியும் ஆழத்தில் இருந்தால் எடுக்கலாம். அதைவிட ஆழமாகப் போயிருந்தால் டாக்டர்.
- குளித்த தண்ணீர். உதறல் குளித்த மறுநாள் தொடங்கியிருந்தால் இது. லேப்ரடார், காக்கர் மாதிரி தொங்கு காதுகளுக்கு அடிக்கடி. அடுத்த முறை குளிக்கும்போது பஞ்சு உருண்டை வையுங்கள், குளித்ததும் மறக்காமல் எடுங்கள்.
- பழுப்பு மெழுகு, புளித்த வாடை. ஈஸ்ட் பூஞ்சை.
- காபித்தூள் நிறத்தில் உலர்ந்த பொடி. காதுச் சிற்றுண்ணி, குட்டிகளிடமும் தெருவில் எடுத்த நாய்களிடமும்.
- மஞ்சள் சீழ், தாங்க முடியாத நாற்றம், தொட்டால் அலறல். பாக்டீரியா. வீட்டில் எதுவும் ஊற்றாமல் கிளம்புங்கள், செவிப்பறை கிழிந்திருக்கலாம்.

மெழுகு மட்டும் என்றால் நாய்க் காதுக்கான திரவத்தைக் காது நிறைய ஊற்றி, அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்து, உதற விட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். இயர் பட்ஸ் அழுக்கை உள்ளே தள்ளும். தேங்காய் எண்ணெயும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். மூன்று நாளில் குறையாவிட்டால் டாக்டர். போன முறை எழுதிக் கொடுத்த மிச்சச் சொட்டு மருந்தை ஊற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு: இம்முறை கிருமி வேறாக இருக்கலாம், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது எதுவும் தெரியாமல் போய்விடும்.

மடல் திடீரென்று தலையணை மாதிரி உப்பினால் உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்து நடை தடுமாறினால் உள்காது வரை போய்விட்டது. இரண்டுக்கும் வீட்டில் செய்ய ஏதுமில்லை.

## பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

ஒரு பாதம் மட்டுமா, நாலுமா? ஒன்று மட்டும் என்றால் முள், கண்ணாடித் துண்டு, பிளந்த நகம், விரல் இடுக்கு உண்ணி. கழுவி, விரித்து, டார்ச்சில் பாருங்கள். இடுக்கில் சிவந்த கொப்புளம் இருந்து உடைந்து மறுபடி வந்தால் டாக்டர்.

நாலு பாதமும் என்றால் முதலில் தரை. பினாயிலோ வாசனைத் தரைக் கழுவியோ கையளவு ஊற்றித் துடைக்கிற வீடுகள் உண்டு. நாய் வெறுங்காலில் அதில் நின்று, பிறகு அதையே நக்குகிறது. இரண்டு வாரம் வெறும் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். காசில்லாத வைத்தியம், பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை முடி துரு நிறமாகியிருந்தால் நெடுநாள் நக்கல், எச்சில் கறை. இடுக்கு ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தால் ஈஸ்ட். மழைக்காலத்தில் நடந்து வந்ததும் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவைப்பதே பாதி மருந்து. குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை, மூன்று நான்கு வாரம். நுரையை பத்து நிமிடம் ஊற விடவேண்டும்; இதைக் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள், இரண்டு நிமிடத்தில் கழுவிவிட்டு ஷாம்பூவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கும் அடங்காமல் முகம், காது, அக்குளும் சேர்ந்து அரித்தால் ஒவ்வாமை. கடைசித் தலைப்புக்கு முந்தியதைப் பாருங்கள்.

## வயிற்றிலும் அக்குளிலும் சிவப்பு, சின்னச் சின்னப் பரு

மேலே சொன்ன தரைக் கழுவி இங்கும் முதல் சந்தேகம். அடுத்தது குளியல். வாரம் இரண்டு முறை மனிதச் சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர் என்றால் தோல் வறண்டு பொடுகு தட்டி அரிக்கும். நாய்த் தோலுக்கு மனிதச் சோப்பு ஒத்துவராது. சாதாரண நாய்க்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குளியல் தாராளம். கடினமான போர்வெல் தண்ணீரில் ஷாம்பூ முழுதாகப் போவதில்லை. கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

பருவில் சீழ் நுனி தெரிந்தாலோ, வட்டமாக உரிந்து ஓரத்தில் செதில் இருந்தாலோ பாக்டீரியாத் தொற்று. குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவில் பத்து நாளில் குறையாவிட்டால் டாக்டர். நுண்ணுயிர்க்கொல்லியை மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் கொடுத்து நிறுத்துவதால்தான் எதற்கும் கேட்காத கிருமிகள் தோலில் தங்குகின்றன.

## காது நுனி, முழங்கையில் பொருக்கு. வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு

காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் தேயுங்கள். உடனே பின்னங்கால் தானாகச் சொறியத் தூக்கினால் சிரங்குப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும், நாயோடு படுப்பவர்களின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளி வரும். தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் பல நேரம் பூச்சி அகப்படாது. அறிகுறியை வைத்தே டாக்டர் மருந்து தொடங்குவார், அதில் தவறில்லை. உண்ணிக்குச் சொன்ன மாத்திரைகளையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் கொடுக்க வேண்டும்.

ஐவர்மெக்டின் ஊசி மலிவு என்பதால் கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகைகளிலும் அவற்றின் கலப்பிலும் சில நாய்களுக்கு மரபணுக் குறை காரணமாக இந்த மருந்து மூளைக்குள் போய்விடும். கோமா, சாவு வரை. இது டாக்டர் கையில் இருக்க வேண்டிய மருந்து.

அரிப்பு குறைவு, வட்டமாக முடி போய் நடுவில் செதில், உங்கள் குழந்தைக்கும் அதே வட்டம் என்றால் படர்தாமரை. மெடிக்கலில் தரும் 'மூன்று கலவை' களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அடங்கி, பிறகு பரவும். நாய்க்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

## முடி கொட்டுகிறது, ஆனால் அரிப்பு இல்லை

ஒரு வயதுக்குட்பட்ட குட்டி, கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்காலில் காசளவு வழுக்கை: டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி. ஒட்டாது, பயப்பட வேண்டாம். நாலைந்து இடத்தோடு நின்றால் நல்ல சாப்பாடும் குடற்புழு நீக்கமும் போதும், பலவற்றுக்குத் தானாக முடி வளரும். உடம்பு முழுக்கப் பரவினாலோ, பாதம் வீங்கினாலோ தோல் சுரண்டல் சோதனை. வளர்ந்த நாய்க்குப் புதிதாக வந்தால் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஸ்டீராய்டு இதில் எண்ணெய் வார்ப்பது.

முழங்கையில் மட்டும் தடித்த வழுக்கை, டைல்ஸ் தரையில் படுக்கும் பெரிய நாய்: காய்ப்பு. தடிப்பான மெத்தை போடுங்கள், வேறொன்றும் வேண்டாம். இரு பக்கமும் ஒரே மாதிரி கொட்டி, வால் முடி போய், நாய் குண்டாகிச் சோர்ந்திருந்தால் தைராய்டு சுரப்பிக் கோளாறு. தண்ணீர் அதிகம் குடித்து வயிறு தொங்கினால் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது.

## நேற்று இல்லாத ஈரப்புண், இன்று உள்ளங்கை அளவு

அடர்முடி நாய்களுக்கு மழைக்காலத்தில் வருவது. கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அதிகம். நடுவில் உண்ணி கடித்த இடமோ காது வலியோ தொடக்கமாக இருக்கும். நக்கி நக்கிச் சில மணி நேரத்தில் பெரிதாகும்.

சுற்றிலும் ஒரு விரல் அகலம் நல்ல தோல் தெரியும்வரை முடியை டிரிம்மரால் எடுங்கள், கத்தரிக்கோல் தோலை வெட்டும். லேசான தேநீர் நிறம் வரும்வரை பெட்டாடினைத் தண்ணீரில் கலந்து தினம் இருமுறை துடைத்து, ஒற்றிக் காயவையுங்கள். கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாயம். பவுடர் தூவாதீர்கள், சீழோடு சேர்ந்து கட்டியாகி மேலே மூடிக்கொள்ளும், அடியில் புண் வளரும். ஒரே நாளில் உலரத் தொடங்கவில்லை என்றால் டாக்டர்.

புண்ணில் குழி தெரிந்து, நாற்றம் அடித்து, உள்ளே ஏதோ நெளிந்தால் புழு வைத்துவிட்டது. டர்பன்டைன் ஊற்றினால் சில புழு வெளியே வரும், சில ஆழத்துக்குப் போகும், நாய்க்கு எரிச்சல் உயிர் போகும். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்கிற வேலை அது. காதிலோ கண்ணருகிலோ என்றால் அரை நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

## எல்லாம் பார்த்தாயிற்று, வருடம் முழுக்க அரிக்கிறது

உண்ணி தெள்ளு மருந்து மூன்று மாதம் போயாயிற்று, தொற்று இல்லை, இன்னும் அரிக்கிறது. மிச்சம் இருப்பது சாப்பாட்டு ஒவ்வாமை, சுற்றுச்சூழல் ஒவ்வாமை.

சாப்பாட்டுச் சோதனைக்கு ரத்தம் தேவையில்லை, பொறுமை தேவை. நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, எட்டு வாரம். நம் வீட்டு நாய்கள் சிக்கன் சோறும் தயிர் சாதமும் தின்று வளர்வதால் சிக்கனும் பாலும்தான் முதல் சந்தேகம். மீனும் சர்க்கரைவள்ளியும் வைத்துத் தொடங்கலாம், மீன் பழக்கமில்லை என்றால். பிஸ்கட், எலும்பு மிட்டாய், சிக்கன் வாசனை போட்ட மாத்திரை எதுவும் கூடாது. தாத்தா மேசைக்கடியில் கொடுக்கும் ஒரு துண்டு தோசையும் கணக்கில் சேரும். எட்டு வாரம் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்ப வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உறுதி.

குறையவில்லை, அரிப்பு ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கியது என்றால் சுற்றுச்சூழல் ஒவ்வாமை. முழுதாகத் தீராது, கட்டுக்குள் வைக்கலாம். அரிப்பை அடக்கும் ஓக்லாசிடினிப் போன்ற மாத்திரை மாதாமாதம் செலவு வைக்கும். எனவே மேலே சொன்னவற்றை ஒழுங்காக முடித்துவிட்டு இங்கே வருவது பணத்துக்கும் நல்லது. மனிதர்கள் போடும் அலர்ஜி மாத்திரையான செட்டிரிசின் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். சில நாய்களுக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் மூக்கடைப்பு மருந்தோ பாரசிட்டமாலோ கலந்த ஜலதோஷ மாத்திரை நாய்க்கு விஷம். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதுவும் வேண்டாம்.

## டாக்டரிடம் கிளம்பும் முன்

மூன்று நாளாவது குளிப்பாட்டாமல், எண்ணெய் மஞ்சள் பூசாமல் கொண்டுபோங்கள். பூசினால் சுரண்டிப் பார்க்கத் தோலில் ஒன்றும் மிஞ்சாது. இதுவரை போட்ட ஊசி, மாத்திரையின் அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, சாப்பாடு என்ன, வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். சொறிவதை போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், மேசைமேல் ஏற்றியதும் நாய் சொறிவதை நிறுத்திவிடும்.

தோல் சுரண்டல், ஸ்லைடு இரண்டும் பார்க்காமல் மூன்றாவது முறையும் ஊசிதான் என்றால் இடத்தை மாற்றலாம். ஊரில் பரிசோதனை வசதி இல்லாதவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. காலையிலேயே போய்விடுங்கள். கூட்டத்தில் மற்ற நாய்களிடமிருந்து உண்ணி ஏறும், வீட்டுக்குள் விடும் முன் வாசலிலேயே ஒருமுறை விரல் இடுக்கைப் பார்த்துவிடுங்கள்.